அரசைக் கட்டியது யார்? ஒரு கேள்வியின் பயணம்

1910 ஜனவரி 24 அன்று கல்கத்தா உயர் நீதிமன்றக் கட்டடத்திலேயே ஷம்சுல் ஆலம் என்ற காவல் துறை அதிகாரி சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த சில நாள்களில் ஹுக்ளி ஆற்றின் இரு கரைகளிலும் கைதுகள் தொடங்கின. சணல் ஆலைகளும் வார்ப்படப் பட்டறைகளும் நிறைந்த மேற்குக் கரையின் பெயரால்தான் வழக்கு அறியப்பட்டது: ஹவுரா–சிப்பூர் சதி வழக்கு. பேரரசருக்கு எதிராகப் போர் தொடுக்கச் சதி செய்தார்கள் என்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் மீது குற்றச்சாட்டு. அவர்களில் புகழ்பெற்றவர் ‘பாகா’ ஜதின் எனப்பட்ட ஜதீந்திரநாத் முகர்ஜி. அவருடைய நம்பிக்கைக்குரிய தோழனாக அதே வழக்கில் சிறை சென்ற நரேந்திரநாத் பட்டாச்சார்யாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஓராண்டுக்கு மேல் நடந்த வழக்கு 1911இல் முடிந்தபோது பெரும்பாலானோர் விடுதலையானார்கள். இந்த நரேந்திரன்தான் பின்னாளில் எம். என். ராய் என்று உலகறிந்தவர்.

அந்த வயதில் அவருடைய மனத்தில் இருந்த அரசியல் எது? பங்கிம் சந்திரரின் ‘ஆனந்தமடம்’, கீதை, தாய்நாட்டை வணங்கும் துறவியரின் கனவு. 1880களின் தொடக்கத்தில் ஹவுராவில் துணை மாஜிஸ்டிரேட்டாக இருந்த பங்கிமின் எழுத்திலிருந்துதான் வங்க இளைஞர்களின் புரட்சிச் சங்கமான அனுசீலன் சமிதி தன் பெயரையே எடுத்துக்கொண்டது. இத்தாலிய விடுதலை வீரர் மாட்சினியும் வங்காளத்துக்குப் பழக்கமானவர். 1870களில் சுரேந்திரநாத் பானர்ஜி மாணவர் கூட்டங்களில் அவரைப் பற்றிப் பேசியிருந்தார். மறுமலர்ச்சிக்கால இத்தாலியின் அரசியல் எழுத்தாளர் மாக்கியவெல்லி வந்தது இன்னொரு வழியில். அவரைப் பற்றி 1827இல் நீண்ட கட்டுரை எழுதிய மெக்காலே பிறகு தானே கல்கத்தாவுக்கு அதிகாரியாக வந்தார். ஆங்கிலம் படித்த வங்காளிகளுக்கு மெக்காலேயின் கட்டுரைகள் பாடம் போல ஆயின. 1905இல் தஞ்சாவூர்ப் பகுதிப் பண்டிதர் ஒருவர் மைசூர் நூலகத்தில் ஒப்படைத்த ஓலைச்சுவடியிலிருந்து 1909இல் சாமசாஸ்திரி ‘அர்த்தசாஸ்திர’த்தை அச்சிட்டதும், அதன் ஆசிரியர் கௌடில்யரை ‘இந்திய மாக்கியவெல்லி’ என்று அழைப்பது வழக்கமாயிற்று.

ஐரோப்பிய மறுமலர்ச்சியின் அரசியல் சிந்தனை லண்டன் வழியாக நமக்கு வந்த பாதை இது. எல்லோரும் அறிந்த பாதை. இதே சிந்தனை ஸ்பெயின் வழியாக மெக்சிகோவுக்குப் போய், அங்கே நானூறு ஆண்டு உழன்ற வேறொரு பாதையும் உண்டு. ஹவுரா வழக்கின் நரேந்திரன் அந்தப் பாதையில் போய் நின்றார். அதனால்தான் அந்த நீண்ட கதையை இங்கே சொல்கிறேன்.

மறுமலர்ச்சிக்காலத்தின் மையக் கேள்வியை எளிமையாகச் சொல்லலாம். அரசு கடவுள் தந்ததா, மனிதர் கட்டியதா? மனிதர் கட்டியது என்றால் அதைப் பிரித்து வேறு மாதிரி கட்டலாம். 1513இல் புளோரன்ஸிலிருந்து விரட்டப்பட்ட மாக்கியவெல்லி, ஆட்சி உண்மையில் எப்படிப் பிடிக்கப்படுகிறது, எப்படிக் காக்கப்படுகிறது என்று எழுதினார். 1516இல் லூவேன் நகரில் அச்சான தாமஸ் மோரின் ‘உட்டோப்பியா’ வேறு திசையில் போனது. தனிச்சொத்து இல்லாத, நாளுக்கு ஆறு மணி நேரம் மட்டும் உழைக்கிற ஒரு தீவைக் கற்பனை செய்தது. அந்தத் தீவைக் கண்டதாகக் கதை சொல்லும் பயணி அமெரிகோ வெஸ்புச்சியின் கப்பலில் புதிய உலகுக்குப் போனவர். இலங்கையையும் கோழிக்கோட்டையும் தொட்டுத்தான் ஊர் திரும்பினார் என்று மோர் எழுதுகிறார். அமெரிக்காவும் தென்னிந்தியக் கடலும் அந்த நூலின் முதல் பக்கங்களிலேயே ஒரே பயணத்தில் இணைந்துவிட்டன.

1528இல் மெக்சிகோவின் முதல் பிஷப்பாகப் போன பிரான்சிஸ்கத் துறவி ஹுவான் தெ சுமாரகாவிடம் ‘உட்டோப்பியா’வின் பிரதி ஒன்று இருந்தது. 1518இல் பாசல் நகரின் ஃப்ரோபன் அச்சகம் வெளியிட்ட பதிப்பு. அதே பிரதி இன்று அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. சுமாரகா எராஸ்மஸின் எழுத்துகளிலும் ஊறியவர். அமெரிக்கக் கண்டத்தின் முதல் அச்சகம் 1539இல் மெக்சிகோ நகருக்கு வந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அதே 1539இன் நவம்பரில், பழைய தெய்வங்களை விடவில்லை என்று தெஸ்கோகோவின் பழங்குடித் தலைவர் தோன் கார்லோஸை எரிக்க வைத்த தீர்ப்பும் அவருடையதுதான். நல்ல நூல்களைப் படித்தவர் கைகளிலும் ரத்தம் இருந்தது. மறுமலர்ச்சியைப் பற்றிப் பேசும்போது இதை மறைக்கக் கூடாது.

சுமாரகாவின் பிரதியைப் படித்ததாகக் கருதப்படும் வாஸ்கோ தெ கிரோகாதான் இந்தக் கதையில் என்னை மிகவும் ஈர்த்த மனிதர். கிரோகா சட்டம் படித்தவர். ஸ்பெயின் மன்னர் மெக்சிகோவுக்கு அனுப்பிய இரண்டாவது நீதிமன்றக் குழுவில் நீதிபதியாக 1531இல் போய்ச் சேர்ந்தார். அவருக்கு முன்பிருந்த குழு கொள்ளையடித்த கும்பல். அடிமைகளாகச் சூடு போடப்பட்ட பழங்குடியினர், அனாதைக் குழந்தைகள், வெறிச்சோடிய ஊர்கள் ஆகியவைதான் அவர் கண்ணில் பட்டன. ஓராண்டுக்குள், 1532இல், தன் சொந்தப் பணத்தில் மெக்சிகோ நகருக்கு அருகே நிலம் வாங்கி ‘சாந்தா ஃபே’ என்ற ஊரை அமைத்தார். அடுத்து மிச்சோவாகானில் பட்ஸ்குவாரோ ஏரிக்கரையில் இரண்டாவது சாந்தா ஃபே எழுந்தது.

இந்த ஊர்களுக்கு அவர் எழுதிய விதிகள் கிடைக்கின்றன. நிலம் பொது. விளைச்சல் தேவைக்கேற்பப் பகிரப்படும். மிச்சம் விதவைகளுக்கும் அனாதைகளுக்கும் நோயாளிகளுக்கும். உழைப்பு நாளுக்கு ஆறு மணி நேரம். ஒவ்வொருவரும் ஒரு கைத்தொழிலோடு உழவும் கற்க வேண்டும். குழந்தைகள் எழுத்தோடு சேர்த்து ஏர் பிடிக்கவும் பழக வேண்டும். பல தம்பதிகள் சேர்ந்த கூட்டுக் குடும்பங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மூத்தவர். ஊர்ப் பொறுப்பாளர்கள் தேர்ந்தெடுக்கப்படுவார்கள். ஒவ்வொரு ஊரிலும் மருத்துவ இல்லம். எளிய உடை. ‘உட்டோப்பியா’வைப் படித்தவர்களுக்கு இதன் மூலம் எது என்று தெரிந்துவிடும். கிரோகாவும் ஒளிக்கவில்லை. 1535 ஜூலை 24 தேதியிட்ட நீண்ட சட்ட விளக்கத்தில் தாமஸ் மோரின் பெயரைச் சொல்லியே தன் திட்டத்தை விளக்குகிறார். அதற்குப் பதினெட்டு நாள் முன்பு, ஜூலை 6 அன்று, லண்டனில் மோரின் தலை வெட்டப்பட்டிருந்தது. அந்தச் செய்தி அட்லாண்டிக்கைக் கடந்து வர நாளாகும் காலம் அது.

ஐரோப்பாவில் ஒருவரும் கட்டிப் பார்க்காத ஒரு நூலை, கொன்று குவிக்கப்பட்ட ஒரு மக்களின் மண்ணில் ஒரு நீதிபதி கட்டிப் பார்த்தார். பிறகு மிச்சோவாகானின் பிஷப்பாகி, 1565இல் இறக்கும்வரை அதைக் காத்தார். புரெப்பெச்சா மக்கள் அவரை இன்றும் ‘டாட்டா வாஸ்கோ’ என்கிறார்கள். ஊருக்கு ஒரு கைத்தொழில் என்ற அந்தப் பகுதியின் வழக்கத்தை, செம்புப் பாத்திரத்துக்கு ஓர் ஊர், கித்தாருக்கு ஓர் ஊர் என்பதை, அவர் பெயரோடு சேர்த்தே சொல்கிறார்கள்.

எனக்கு அவர்மேல் மதிப்பு உண்டு, கேள்வியும் உண்டு. ஸ்பெயின் மன்னர் அந்த மண்ணை ஆள உரிமை பெற்றவரா என்று கிரோகா கேட்கவில்லை. ஊர்களை அவர் தந்தார், விதிகளையும் அவரே தந்தார். மக்கள் தமக்காகத் தாமே எழுதிய விதிகள் அல்ல அவை.

அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் ஸ்பெயினின் சலமங்கா பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள். 1539 ஜனவரியில் பிரான்சிஸ்கோ தெ விட்டோரியா, பழங்குடியினரே அந்த நிலங்களின் உண்மையான உரிமையாளர்கள் என்று விரிவுரை ஆற்றினார். அதே ஆண்டு நவம்பரில், இத்தகைய விவாதங்களை நிறுத்துமாறு பேரரசர் ஐந்தாம் சார்லஸ் விட்டோரியாவின் மடத்துக்குக் கடிதம் எழுதினார். 1550–51இல் வல்லதோலித் நகரில் பழங்குடியினருக்காகத் துறவி லாஸ் காசஸும் எதிர்த்தரப்பில் செபுல்வேதாவும் வாதிட்டனர். அரிஸ்டாட்டிலின் ‘அரசியல்’ நூலை லத்தீனில் மொழிபெயர்த்த செபுல்வேதா, சிலர் பிறப்பாலேயே அடிமைகள் என்ற வரியை அமெரிக்காவுக்குப் பொருத்தினார். பிறவி மனிதனின் இடத்தை முடிவு செய்கிறது என்ற வாதம் நமக்குப் புதிதல்ல; அதற்கு எதிராகவே வாழ்நாளைச் செலவிட்டவர்களின் மண் இது.

ஸ்பெயினுக்குள் நூல்களின் கதி என்ன ஆயிற்று? மாக்கியவெல்லியின் ‘உரைகள்’ 1552இல் ஸ்பானிய மொழியில் வெளிவந்தது. இளவரசர் பிலிப்புக்கே காணிக்கையாக்கப்பட்டது. 1559இல் ரோம் அவருடைய நூல்கள் எல்லாவற்றையும் தடை செய்தது. 1583இல் ஸ்பெயினின் தடைப்பட்டியலும் அவரைச் சேர்த்துக்கொண்டது. அந்தப் பட்டியலை வெளியிட்ட தலைமை விசாரணை அதிகாரி கஸ்பார் தெ கிரோகா. வாஸ்கோ பிறந்த அதே மத்ரிகால் ஊர்க்காரர், அதே குடும்பம். திருத்தும் வரை படிக்கக் கூடாது என்று அந்தப் பட்டியல் நிறுத்தி வைத்த நூல்களில் ‘உட்டோப்பியா’வும் ஒன்று. ஒரு கிரோகா ஊராகக் கட்டிய நூலை இன்னொரு கிரோகா பூட்டி வைத்தார்.

பூட்டு முழுதாக வேலை செய்யவில்லை. 1595இல் இயேசு சபையின் ரிபதெனெய்ரா மாக்கியவெல்லிக்கு மறுப்பாகக் ‘கிறிஸ்தவ இளவரசன்’ பற்றி எழுதினார். ஆட்சிக்கலையின் கடும் உண்மைகளைப் பேச விரும்பியவர்கள் மாக்கியவெல்லியின் பெயரை விட்டுவிட்டு, ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸின் பெயரில் அதையே பேசினார்கள். மோருக்கோ 1637இல்தான் கோர்தோபாவில் ஸ்பானிய மொழிபெயர்ப்பு வந்தது. கவிஞர் கெவேதோ முன்னுரை எழுதினார். ஆனால் இரண்டாம் பாகம் மட்டுமே அச்சாயிற்று. ஏழைத் திருடர்களைத் தூக்கிலிடும் அரசையும் விவசாயிகளை நிலத்திலிருந்து விரட்டும் பிரபுக்களையும் நேராகச் சாடும் முதல் பாகம் விடுபட்டது. கற்பனைத் தீவை அனுமதித்தார்கள், உண்மை நாட்டின் விமரிசனத்தை அனுமதிக்கவில்லை. ஸ்பானிய உலகம் மறுமலர்ச்சி அரசியலை எப்படி ஏற்றுக்கொண்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

மிச்சோவாகான் ஊர்களின் பொதுநில மரபு காலனி ஆட்சியிலும், அதன்பின் வந்த பெருநிலக்காரர்களின் கையிலும் அடிபட்டது. 1910இல் மெக்சிகோவில் புரட்சி வெடித்தது. ஹவுரா வழக்கின் கைதிகள் சிறையில் இருந்த அதே ஆண்டு. 1917 பிப்ரவரி 5 அன்று கேரேத்தாரோ நகரில் வெளியிடப்பட்ட அரசியல் சட்டத்தின் 27ஆம் பிரிவு நிலம் அடிப்படையில் தேசத்துக்கு உரியது என்றது. 123ஆம் பிரிவு எட்டு மணி நேர வேலையை உரிமையாக்கியது. ஹவுராவின் சணல் ஆலைத் தொழிலாளர்களுக்கு அப்போது இருந்தது 1911ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். அது நெசவு ஆலைகளில் ஆண்களின் வேலை நேரத்துக்குப் பன்னிரண்டு மணியை வரம்பாக வைத்தது.

அந்த 1917இல்தான் நரேந்திரன் மெக்சிகோ போய்ச் சேர்ந்தார். 1915இல் ஜெர்மானிய ஆயுதங்களைத் தேடிக் கப்பலேறியவர். அவர் வெளியே இருந்தபோதே, அந்தச் செப்டம்பரில், ஜதின் பாலசோரில் காவல் படையோடு மோதி உயிர்விட்டார். நரேந்திரன் சி. ஏ. மார்ட்டின் என்ற பாதிரியார் வேடத்தில் 1916 கோடையில் சான் பிரான்சிஸ்கோவில் இறங்கினார்; பாலோ ஆல்டோவில் மானவேந்திரநாத் ராய் ஆனார். நியூயார்க்கில் வழக்கு நெருங்கியதும் எல்லை கடந்தார்.

மெக்சிகோவில் அவர் தங்கியது சுமார் இரண்டரை ஆண்டுகள்தான். ஆனால் அங்கே அவருக்கு நடந்தது பெரிய மாற்றம். ஸ்பானிய மொழி கற்றார். அந்த மொழியிலேயே செய்தித்தாள்களுக்கு எழுதினார். 1918இல் இந்தியாவின் கடந்த காலம், நிகழ்காலம், எதிர்காலம் பற்றி ஸ்பானிய மொழியில் நூல் வெளியிட்டார். அதிபர் கர்ரான்சாவின் வட்டாரத்தோடு பழகினார். 1919இல் வந்து சேர்ந்த கம்யூனிஸ்ட் அகிலத்தின் தூதரான ரஷ்யர் போரோதினோடு இரவுகள் முழுக்க ஐரோப்பியத் தத்துவம் பேசினார். அந்த ஆண்டு மெக்சிகோ சோஷலிஸ்டுகளின் மாநாட்டிலிருந்து பிறந்த கம்யூனிஸ்ட் கட்சியை நிறுவியவர்களில் ஒருவர், சிறிது காலம் முன்பு வரை காளியை வணங்கிய இந்த வங்காள பிராமணர். பிறகு வீயா கார்சியா என்ற பெயரில் மெக்சிகோக் கடவுச்சீட்டுடன் ஐரோப்பா சென்றார். 1920இல் மாஸ்கோவில் லெனின் முன் அவர் பேசியது மெக்சிகோவின் பிரதிநிதியாக.

தன் நினைவுக்குறிப்புகளில் ராய் மெக்சிகோவைத் தன் மறுபிறப்பின் பூமியாகவே சொல்கிறார். பலர் இதை அவர் கம்யூனிஸ்ட் ஆனதோடு முடித்துவிடுகிறார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. தாய்நாட்டைத் தெய்வமாக நினைத்து ஆயுதம் தேடிப் போனவர், நிலம் யாருக்கு, உழைப்பு எத்தனை மணி, பள்ளி யார் கையில் என்று ஒரு நாடு தன் சட்டத்தையே புதிதாக எழுதிக்கொண்டிருந்த இடத்தில் வந்து நின்றார். அரசு மனிதர் கட்டியது என்பதை அவர் ஏட்டில் படிப்பதற்கு முன் கண்ணால் கண்டார். கிரோகா கேட்காமல் விட்ட கேள்வியை, விதிகளை யார் எழுதுவது என்ற கேள்வியை, அங்கே மக்கள் துப்பாக்கியோடு கேட்டிருந்தார்கள்.

அடுத்த பத்தாண்டுகள் தாஷ்கண்ட், பெர்லின், சீனா என்று ஓடியவை. தமிழர்களுக்கு அந்தக் காலத்து ராய், 1924 கான்பூர் சதி வழக்கில் சென்னையின் சிங்காரவேலரோடு சேர்த்துக் குற்றம் சாட்டப்பட்டவராக அறிமுகம். 1929இல் கம்யூனிஸ்ட் அகிலம் அவரை விலக்கியது. 1930 டிசம்பரில் ரகசியமாக இந்தியா திரும்பி, 1931இல் பம்பாயில் பிடிபட்டு, 1936 நவம்பர் வரை சிறையில் இருந்தார். அங்கே ஒன்பது தொகுதிக் கையெழுத்துப்படி எழுதினார்.

வெளியே வந்த ராயிடம் பழைய கேள்வி முற்றியிருந்தது. 1944இல் சுதந்திர இந்தியாவுக்கு ஒரு வரைவு அரசியல் சட்டம் வெளியிட்டார். ஊர்தோறும் மக்கள் குழுக்கள், அவையே அரசின் அடித்தளம், பிரதிநிதியைத் திரும்ப அழைக்கும் உரிமை. 1946இல் டேராடூனில் இந்திய மறுமலர்ச்சிக் கழகத்தை நிறுவினார். 1948இல் தன் கட்சியையே கலைத்தார். அதிகாரத்துக்கான போட்டியாக அரசியல் இருக்கும்வரை அதில் ஒழுக்கம் நிற்காது என்பது அவர் வந்து சேர்ந்த முடிவு. மாக்கியவெல்லி பிரித்து வைத்த அறத்தையும் அதிகாரத்தையும் மீண்டும் இணைக்க முயன்றார் என்று இதைச் சொல்லலாம். ‘பகுத்தறிவு, கற்பனாவாதம், புரட்சி’ என்ற அவருடைய பெருநூலின் முதல் தொகுதி 1952இல் வந்தது. ஐரோப்பிய மறுமலர்ச்சியைக் கடவுளுக்கும் பூமியில் அவருடைய பிரதிநிதிகளுக்கும் எதிராக மனிதன் செய்த கலகமாகப் பார்த்த ராய், இந்தியாவுக்கு அத்தகைய கலகம் இன்னும் பாக்கி என்று எழுதினார். இரண்டாம் தொகுதி 1955இல் அச்சாகும் முன், 1954 ஜனவரியில் காலமானார்.

அவர் நூல்களைத் தொடர்ந்து கொண்டுவந்தது கல்கத்தாவின் ரினைசன்ஸ் பப்ளிஷர்ஸ். பேராசிரியர் சிவநாராயண ராய் அவருடைய எழுத்துகளைத் தொகுத்தார், வாழ்க்கை வரலாறும் எழுதினார். கிரோகாவுக்கும் அப்படியோர் ஆய்வாளர் கிடைத்தார். சாந்தா ஃபேயின் ஆறு மணி நேர விதிக்கும் ‘உட்டோப்பியா’வுக்கும் உள்ள உறவை 1937இல் மெக்சிகோ வரலாற்றாசிரியர் சில்வியோ சவாலா ஆதாரத்தோடு நிறுவினார். ஒரு நூலை ஒரு மண் எப்படி உள்வாங்கியது என்று தேடிப் போகும் அப்படிப்பட்ட உழைப்பு நம் பக்கத்திலும் வேண்டும். லண்டன் வழி வந்ததை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் மெக்சிகோ வழி வந்தது கணக்கில் வராது.

நம் பாடநூல்கள் ராயைத் தாஷ்கண்டில் தொடங்கி அகிலத்தோடு முடித்துவிடுகின்றன. அது பாதிக் கதைகூட இல்லை. ஹவுரா வழக்கையும் மெக்சிகோவையும் 1944 வரைவையும் சேர்த்து அவரைப் படியுங்கள். அந்த வரைவில் ஊர்க் குழுக்களைப் பற்றி அவர் எழுதியதை நம் கிராம சபைக் கூட்டத்துக்குப் போகிற ஒவ்வொருவரும் ஒருமுறையாவது வாசிக்க வேண்டும்.